சத்தம் நின்றால் போய்ப் பார்க்க வேண்டும்

போன வாரம் பிரகாஷ் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். போர்ட் பிளேர் கால்நடை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். யார் வீட்டிலோ இரண்டு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரள்கின்றன. ‘அங்கிள், இது சண்டையா விளையாட்டா? ஓனர் ரொம்பப் பயந்துட்டாங்க, பாத்துச் சொல்லுங்க’ என்று கீழே எழுதியிருந்தார். பார்த்தேன். தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, படம் எடுத்த புண்ணியவான் நாய்களின் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

நான் புதுமைக்கு விரோதி இல்லை. தூரத்துத் தீவில் ஒரு மாட்டுக்குக் காலில் புண் என்றால், கப்பல் வரும்வரை காத்திருக்காமல் போட்டோ பார்த்து மருந்து சொல்ல முடிகிறது. நல்ல காரியம். ஆனால் இரண்டு நாய்கள் விளையாடுகின்றனவா, கடித்துக்கொள்கின்றனவா என்பது புண் அல்ல, போட்டோவில் தெரிவதற்கு. பிரகாஷைக் கூப்பிட்டு, பாட்டு இல்லாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். “சத்தத்துல என்ன அங்கிள் இருக்கு?” என்றார். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. மரைன் ஹில்லில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மனைவி, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்பான்; சாப்பிட்டேன் என்பேன். மற்ற நாள்களில் நான் பேசுவது பால்காரரிடமும், ஜன்னல் வழியாகத் தெரியும் கப்பல்களிடமும்தான். கப்பல்கள் பதிலுக்கு ஹாரனாவது அடிக்கின்றன.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தேன். மாட்டுக்கு ஊசி போடவும், கோழிக்குச் சொட்டு மருந்து விடவும், ஆட்டைப் புரட்டிப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்குள் தலை நரைத்துவிட்டது. நாய் என்றால் அந்தக் காலத்தில் வெறிநாய் ஊசி மட்டும்தான். நாய்க்கு ஒரு மனசு உண்டு, அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம் என்று யாரும் நினைத்ததில்லை. சுனாமி அலை வந்துபோன பிறகுதான் அது மாறியது. எல்லாம் இழந்தவர்கள் முகாம்களிலிருந்து ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாய்க்கு ஒன்றும் இருக்காது. சும்மா ஒருமுறை பாருங்கள் என்பார்கள்.

அந்த வருஷங்களில் எங்களுக்கு டாக்டராக இருந்தவர் ஒரு வங்காளத்து அம்மாள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் எல்லோரும் டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, என்போம். ஜீப்பில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் மிருகத்துக்கு எதிரே போடமாட்டார். ஒரு ஓரமாகப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். நாயைப் பார்க்கிறாரா, சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்க்கிறாரா என்று தெரியாது. நான் வழக்கப்படி பேனாவை எடுத்தால், “லிக்கோ மத். தேக்கோ” என்பார். எழுதாதே, பார் என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் என்ன முட்டாள்தனம் செய்திருந்தாலும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் என்னிடம்தான் காட்டுவார். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

ராக்கம்மா எங்களிடம் வந்தது அப்போதுதான். ஐம்பதைத் தாண்டிய பெண். இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடும்பத்தோடு குடியேற்றப்பட்டவர். அலையில் புருஷனையும் ஒரே மகளையும் இழந்தார். கூட மிஞ்சியது செவலை என்ற பெண் நாய் மட்டும். ஆட்களை ஏற்றவே இடமில்லாத கப்பலில் அதை உரச் சாக்குக்குள் உட்காரவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சாக்கு மூச்சுவிடுவதைப் பார்த்த கப்பல்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பிறகு மின்னி பேயில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஃபீனிக்ஸ் பே படகுத்துறைப் பக்கம் ஒரு கேன்டீனில் மாவாட்டப் போய்க்கொண்டிருந்தார். அவர் வேலைக்குப் போனால் செவலை சாப்பிடுவதில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று படகுத்துறையில் திரிந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். அதுதான் ஜிம்மி. வெள்ளையும் கறுப்புமாக, வாயை மூடவே தெரியாத ஜாதி. குட்டி வளர்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது.

முதல் தடவை ஜிம்மியின் காது கிழிந்து வந்தது. தைத்து அனுப்பினோம். அடுத்த தடவை கழுத்து. மூன்றாவது தடவை ஜிம்மிக்கு ஒன்றும் இல்லை, ராக்கம்மாவின் முழங்கையில் பல் பட்டிருந்தது. கூடவே வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய அம்மா இதய நோயாளி; பின்கொட்டகையில் கூச்சல் கேட்டாலே மறுபடி அலைதான் என்று எழுந்து ஓடப் பார்ப்பாராம்.

“ஏக் குத்தா ரக்கோ, நஹி தோ மக்கான் காலி கரோ” என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். ஒரு நாயை மட்டும் வைத்துக்கொள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய். மாதக் கடைசிவரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராக்கம்மா இரண்டு கயிறுகளையும் கையில் சுற்றிப் பிடித்தபடி நின்றார். “எத வுடச் சொல்றாருங்கய்யா? இவ எங்கூட கச்சால்ல இருந்து வந்தவ. அவரையும் புள்ளையையும் தெரிஞ்ச சீவன் இவ ஒருத்திதான் இருக்கா. இந்தச் சின்னவன் இல்லாட்டி இவ சோறு திங்க மாட்டா. ரெண்டுல ஒண்ண வுட என்னால ஏலாதுங்கய்யா.”

நான் அதை இந்தியில் டாக்டர் தீதிக்குச் சொன்னேன். அவர் ஜீப் சாவியை எடுத்தார்.

மின்னி பேயில் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று மண்தரை, ஒரு முருங்கை மரம், வேலிக்கு அப்பால் கடல். ராக்கம்மா கடலுக்கு முதுகு காட்டியே உட்காருவார் என்பதைக் கவனித்தேன். வாசலில் ஒரு பை தொங்கியது. ரேஷன் கார்டு, ஒரு சேலை, டார்ச், ஒரு பொட்டலம் அவல். அந்த நாள்களில் போர்ட் பிளேரில் பாதி வீடுகளில் அப்படி ஒரு பை தொங்கும். நில அதிர்வு வந்தால் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதற்கு.

டாக்டர் தீதி ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ராக்கம்மா நடுவில் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். அவரால் முடியவில்லை. ஜிம்மி ஒரு தாவு தாவியதும் எழுந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, “ஹாத் கோ காம் தோ” என்றார். கைக்கு வேலை கொடு. நான் முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்து, ஒரு முறத்தோடு அவர் மடியில் வைத்தேன். ராக்கம்மா கீரை உருவ ஆரம்பித்தார்.

அந்தப் பிற்பகலை நான் மறக்கமாட்டேன். ஜிம்மி செவலைக்கு எதிரே வந்து முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, பல்லைக் காட்டிக் குரைத்தது. செவலை உறுமியது. அந்த உறுமலைக் கேட்டால் யாரும் கடிக்கத்தான் போகிறது என்பார்கள். பிறகு இரண்டும் மோதின. செவலை ஜிம்மியின் கழுத்தைக் கவ்வி உருட்டியது. ஆனால் வாய் அகலத் திறந்திருந்தது, கவ்வல் இறுகவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவள் தானே மல்லாந்து படுத்தாள். சின்னவன் மேலே ஏறினான். துரத்தியவன் ஓடினான், ஓடியவள் துரத்தினாள். உடம்புகள் தொளதொளவென்று இருந்தன. சத்தம் மட்டும் தெருவையே கூட்டும்.

“செவலையைப் பிடி” என்றார் டாக்டர். மார்பின் குறுக்கே கைகொடுத்துப் பிடித்துக்கொண்டேன். “இப்போது சின்னவன் என்ன செய்கிறான் பார். அடிபட்டவன் என்றால் இதுதான் சமயம் என்று ஓடிப்போவான்.” ஜிம்மி உடம்பை ஒரு உதறு உதறி, தும்மி, நேராகத் திரும்பி வந்து செவலையின் மூக்குக்கு முன்னால் முன்னங்காலை நீட்டிப் படுத்தது. வா, ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்பதுபோல் குரைத்தது. சண்டை என்றால் யாரும் திரும்பிவந்து கேட்பதில்லை. அந்தச் சோதனையை அதற்குப் பிறகு நான் எத்தனையோ வீடுகளில் செய்திருக்கிறேன்.

செவலையை விட்டேன். மறுபடி மோதல், மறுபடி உறுமல். இந்த முறை முருங்கைக்கீரையால் ராக்கம்மாவைப் பிடித்துவைக்க முடியவில்லை. முறத்தைத் தள்ளிவிட்டு ஓடி, கத்திக்கொண்டே ஜிம்மியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை வாசலில் தொங்கிய பைக்கு நீட்டினார். செவலை நின்றது. வாய் மூடியது. உடம்பு கட்டையாகிவிட்டது. அவர் கையில் இருந்த ஜிம்மியை நோக்கி எழும்பியது.

டாக்டர் தீதி ஸ்டூலைத் தூக்கி நடுவில் நீட்டினார். செவலையின் மூக்கு அதில் இடித்தது. நான் கயிற்றைப் பிடித்து அதை அப்பால் நடத்திக்கொண்டு போனேன்.

“ஆவாஸ் பந்த் ஹுவா, சுனா?” என்றார் டாக்டர் என்னிடம். சத்தம் நின்றது, கேட்டாயா? “உறுமுகிற வரைக்கும் அவள் விளையாடுகிறாள். சத்தம் நின்றால் போய்ப் பார்க்க வேண்டும். அதை இவருக்குச் சொல்.”

சொன்னேன். ராக்கம்மா ஜிம்மியை இறக்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அன்னைக்கும் கடல் சத்தமில்லாமத்தான் உள்ளுக்குப் போச்சுங்கய்யா.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்தக் காலையில் அவர் புருஷனும் மகளும் மீன் வாங்கக் கீழே போயிருந்தார்கள். செவலை அவரையே சுற்றிச் சுற்றி வந்து சேலையைக் கடித்து இழுத்தது. “நாயி வெளையாட்டுக் காட்டுதுன்னு வெறட்டி வுட்டேன். வெளையாட்டு இல்லீங்க அது. அது சொன்னது எனக்கு வெளங்கல. இப்ப இது உறுமுனாலே, சொல்லுதோ என்னமோன்னு சின்னவனத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடிர்றேன்.”

எச்சரிக்கையை விளையாட்டு என்று நினைத்தவர், அதன்பின் ஒவ்வொரு விளையாட்டையும் எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கத்தினால் வீட்டுக்காரரின் அம்மாவும் ஓடினார். அவர் தூக்கினால் செவலை எழும்பியது. காதும் கழுத்தும் கிழிந்தது அப்படித்தான். நாய்க்கு அன்று காலை உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ராக்கம்மா சொன்னதை டாக்டருக்கு இந்தியில் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன்.

மருந்து என்று எதுவும் எழுதவில்லை. தூக்கக்கூடாது, இது முதல் விதி. விளையாடட்டும், ஆனால் மூச்சு வாங்க விட வேண்டும். ஒன்றே மேலே ஏறிக்கொண்டிருந்தாலோ, வால் விறைத்தாலோ, சத்தம் குறைந்தாலோ, கூப்பிட்டுப் பிரிக்க வேண்டும். கொட்டகையின் இரண்டு மூலைகளில் இரண்டு சாக்கு. கூப்பிட்டதும் அவரவர் மூலைக்குப் போனால் அவித்த மீன் துண்டு. இளைப்பாறியதும் மறுபடி விட வேண்டும். சோறு அந்தந்த மூலையில் தனித்தனியாக. நிஜச் சண்டை வந்தால் நடுவில் கையை விடாமல் ஒரு பலகையைச் செருக வேண்டும். சுவரோரமாக ஒரு பிளைவுட் துண்டைச் சாத்திவைத்தோம்.

கூப்பிடுவதற்கு ஒரு வார்த்தை வேண்டும், எப்போதும் அதே வார்த்தை, வேறு யாரிடமும் வேறு எதற்கும் சொல்லாத வார்த்தை என்றார் டாக்டர். நான் ‘ஸ்டாப்’ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ராக்கம்மா அதைக் காதில் வாங்கவில்லை. முறத்தை மறுபடி மடிக்கு இழுத்து, கீரைக்காம்பைக் கிள்ளியபடி கேட்டார்:

“‘சோறாச்சு, வாங்க’ன்னு கூப்புடவாங்கய்யா? அத இப்ப யாருக்கும் சொல்றது இல்லீங்க.”

ராக்கம்மா என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். இந்தியில் சொன்னேன். அதுவே இருக்கட்டும் என்றார்.

மாதக் கடைசிவரை வேலை முடிந்து போகும்போதெல்லாம் நான் அங்கே இறங்கினேன். முதலில் ராக்கம்மாவின் குரல் நடுங்கியது, நாய்கள் மதிக்கவில்லை. பிறகு குரல் திடப்பட்டது. ஒருநாள் இரண்டும் கட்டிப் புரளும்போது, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், “சோறாச்சு, வாங்க” என்றார். செவலை ஒரு மூலைக்கும் ஜிம்மி ஒரு மூலைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் போய் உட்கார்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வீட்டுக்காரர், “டீக் ஹை, டீக் ஹை. சலேகா” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, ஓடட்டும். வாசலில் தொங்கிய பை அப்படியேதான் தொங்கியது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வருஷங்கள் போயின. டாக்டர் தீதி ஓய்வு பெற்று மெயின்லேண்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும்போது ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். பிறகு என் மனைவி போனாள், பிறகு வேலை போனது. ஒரு மனிதனுக்கு அரைப்படி அரிசி எத்தனை நாள் வரும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குக்கரில் வைப்பேன், ஆறும், மூடிவைப்பேன்.

அப்படி ஒரு பிற்பகலில் வீட்டுக்காரர் போன் செய்தார். செவலை வயதாகிச் செத்துப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது என்றார். “பாய், பின்னாடி ஆவாஸே நஹி ஹை. ராக்கம்மா சத்தமும் இல்ல, குத்தா சத்தமும் இல்ல. அம்மாவே கேக்குறாங்க, என்ன ஆச்சுன்னு.”

சத்தம் நின்றுவிட்டது என்றார். நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ராக்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. “வாங்கய்யா” என்றார். பிறகு உள்ளே கையைக் காட்டினார்.

ஜிம்மி செவலையின் மூலைக்கு எதிரே நின்றது. அதற்கும் இப்போது மோவாயில் நரை. வெற்றுச் சாக்குக்கு முன்னால் முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு குரை குரைத்தது. காத்திருந்தது. பிறகு தன் சாக்கில் போய்ப் படுத்தது.

“நாளைக்கும் இதே செய்யுமுங்க. சோறாச்சுன்னு கூப்புட்டா அவன் மூலைக்குப் போயி உக்காந்துக்கிட்டு அந்த மூலையவே பாப்பான். அவ வந்து உக்காராம திங்க மாட்டான். அதப் பாக்க ஏலாமக் கூப்புடுறதையே வுட்டுட்டேன். பொங்குறதும் இல்ல. அவனுக்கு ரொட்டி வாங்கிப் போடுறேன், மோந்து பாத்துட்டு வுட்டுர்றான். என்னாங்கய்யா செய்யிறது?”

எனக்குத் தெரிந்த எதிலும் இதற்கு வைத்தியம் இல்லை. ஸ்டூலை ஓரமாகப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு ராக்கம்மாவின் சும்மா கிடந்த கைகளைப் பார்த்தேன். எழுந்துபோய் முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்து, முறத்தோடு ராக்கம்மாவின் மடியில் வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கை தானாகக் கீரையை உருவ ஆரம்பித்தது. இவ்வளவு கீரையை என்ன செய்வது என்று முணுமுணுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் உட்கார்ந்திருந்தேன். ஜிம்மி எழுந்து வந்து என் காலை மோந்தது. பிறகு எனக்கு எதிரே முன்னங்காலை நீட்டியது. என் முழங்கால்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக இறங்கி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினேன். ஜிம்மி குரைத்தது. நானும் உறுமினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது என் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது, நான் அதன் கழுத்தைப் பிடித்து உருட்டினேன். இரண்டு பேருக்கும் சீக்கிரமே மூச்சு வாங்கியது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தமும், ராக்கம்மா வாய்க்குள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சத்தமும் கேட்டன.

அப்புறம் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“சோறாச்சு, வாங்க.”

ஜிம்மியும் நானும் ஒரே சமயத்தில் திரும்பினோம். அப்படி என்னை யாரும் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஜிம்மி தன் மூலைக்குப் போய் உட்கார்ந்து, எதிர் மூலையைப் பார்த்தது. அங்கே சாக்கு மட்டும் கிடந்தது. நான் சுவரைப் பிடித்து எழுந்து, போய் அந்தச் சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். ராக்கம்மா எனக்கு ஒரு தட்டு வைத்தார், அதற்கு ஒரு தட்டு வைத்தார். ஜிம்மி என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தது.